பன்னிரண்டு உருண்டையும் ஆறு சேலையும்

மரபணு ஆலோசனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தீர்கள். "மேடம், உங்கள் முப்பது வருட அனுபவத்தை ஐந்து பாயிண்டில் சொல்ல முடியுமா?" முடியாது. ஐந்து பாயிண்டில் அடங்குகிற வேலையாக இருந்திருந்தால் முதல் வாரமே எனக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். அதுவும் நான் சாதித்தது இல்லை, சொதப்பியது.

தமிழில் எழுதுவது வேண்டுமென்றேதான். மூவரும் புனேயில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் என்று தெரியும். அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தன் பெண் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து அப்படி என்னதான் செய்கிறாள் என்று அவருக்கும் ஒரு நாள் தெரியட்டும்.

நம்மிடம் வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகைக்கு எல்லாமே ஜீன். புனேயில் ஐடிக்காரர்கள் நிறைந்த வாகட் பகுதியிலிருந்து ஒரு தம்பதி நாலு வயதுப் பையனோடு வந்தார்கள். "மேடம், இவனுக்கு மேத்ஸ் ஜீன் இருக்கான்னு ஒரு டெஸ்ட் எடுத்துடலாம். இருந்தா இப்பவே கிளாஸ்ல போட்டுடுவோம்" என்றார் அப்பா. பையன் அதற்குள் என் மேஜையில் கொட்டிக் கிடந்த குண்டூசிகளைப் பத்துப் பத்தாக அடுக்க ஆரம்பித்திருந்தான். தொந்தரவு செய்கிறான் என்று அப்பா அதையெல்லாம் தள்ளிவிட்டுக் கையில் மொபைலைத் திணித்தார். பிறகு என்னைப் பார்த்து, ரிப்போர்ட் வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்.

இரண்டாம் வகைக்கு எல்லாமே வளர்ப்பு. எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு எந்த வியாதியும் வாசலோடு நின்றுவிடும் என்பார்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே, நான் மட்டும் எல்லாம் தெரிந்தவளாக நடுவில் உட்கார்ந்திருந்தேன். உடலின் குணங்கள் மரபணுவும் சூழலும் சேர்ந்து செய்வது என்று பரீட்சையில் எழுதி நீங்கள் மார்க் வாங்கியிருப்பீர்கள். நானும் நிறைய வாங்கினேன். அந்த மார்க் ஒரு மழைக்காலத்தில் எனக்குக் காலணாவுக்கு உதவவில்லை.

வித்யாவும் கார்த்திக்கும் ஐடியில் வேலை செய்கிறவர்கள். வாகட்டில் பதினோராவது மாடியில் ஃபிளாட். முதல் குழந்தை, பையன். பிரசவத்துக்காக வித்யாவின் அம்மா திருச்சியிலிருந்து வந்து தங்கியிருந்தார். கார்த்திக்கின் அப்பா பரமசிவம் திருநெல்வேலிக்காரர், ராணுவக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஆறு வருடமாக, புனேயை ஒட்டிய நிக்டியில் பழைய வீட்டில் தனியாக இருந்தார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு, இரண்டு பேனா. ஒன்று எழுதாவிட்டால் இன்னொன்று.

குழந்தைக்கு ஜி-6-பி-டி குறைபாடு என்று மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. ரத்தச் சிவப்பணுக்களுக்குக் காவல் நிற்கிற ஒரு நொதி இவனுக்குக் குறைவு. பயப்பட ஒன்றுமில்லை, இப்படிப்பட்டவர்களில் பலர் தங்களுக்கு அது இருப்பதே தெரியாமல் பேரன் பேத்தி எடுத்துவிடுகிறார்கள். ஆனால் சில மருந்துகள், ஒரு வகை மொச்சை, துணிப்பெட்டியில் போடுகிற பாச்சை உருண்டை என்று சில பொருள்கள் கிட்டே வந்தால் மட்டும் சிவப்பணுக்கள் உடைந்து உடம்பில் மஞ்சள் ஏறும். பிறந்த குழந்தைக்கு அந்த மஞ்சள் மூளைக்குப் போனால் காது போகலாம், கைகால் போகலாம். போனது திரும்பாது.

இதை அவர்களுக்கு விளக்க எனக்கு நாற்பத்தைந்து நிமிடம் கிடைத்தது. வெள்ளைப் பலகையில் வட்டமும் சதுரமுமாகப் போட்டு, இந்த மரபணு அம்மாவிடமிருந்து மகனுக்கு எப்படி வருகிறது, அம்மாவுக்கு ஏன் தொந்தரவு தெரிவதில்லை என்று மூன்று கலர் பேனாவில் வரைந்தேன். அவ்வளவு அழகாக வந்ததால் அழிக்கவே மனமில்லை. தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலுக்குக் கடைசியில் இரண்டு நிமிடம் மிஞ்சியது. அச்சடித்த தாளைக் கொடுத்து, விரலால் தடவிக் காட்டினேன்.

பரமசிவம் ஒருவர்தான் நோட்டை எடுத்தார். "மேடம், இந்த பாச்சா உருண்டை வீட்ல இருக்கவே கூடாதா?"

"இருக்கவே கூடாது சார். எல்லாத்தையும் எடுத்து வெளில போட்டுடுங்க."

"இது ஆர்டர்தானே? ஏன்னா நம்ம வீட்ல டிரங்குல கிடக்குல்லா, அதான் கேட்டேன்."

"ஆர்டர்தான் சார்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

குழந்தை நாலாம் நாள் வாகட்டுக்குப் போனது. ஒன்பதாம் நாள் காலை உள்ளங்கால் வரை மஞ்சளாகத் திரும்பி வந்தது. ரத்தத்தில் சிவப்பணு குறைந்திருந்தது. மஞ்சளை இறக்கும் நீல விளக்குக்குக் கீழே போட்டார்கள். ரத்தத்தில் மஞ்சளை அளந்து மதியம் எடுத்த எண் காலையில் இருந்ததைவிட அதிகம். நாலு மணிக்கு மறுபடி எடுப்போம், அப்போதும் ஏறியிருந்தால் குழந்தையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து வேறு ரத்தம் ஏற்ற வேண்டும் என்று இளம் டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்பது நாள் குழந்தைக்கு அது சின்ன விஷயம் இல்லை. கார்த்திக்கிடம் கையெழுத்துக்கான தாளையும் கொடுத்தாயிற்று.

என்னைக் கூப்பிட்டது மருத்துவக் காரணத்துக்காக இல்லை. வராந்தாவில் சண்டை. "நீங்க தமிழ்தானே மேடம், கொஞ்சம் போய்ப் பேசுங்க" என்றார் டாக்டர். நான் படித்த படிப்புக்கெல்லாம் கடைசியில் கிடைத்த மரியாதை அது.

"எங்க பரம்பரையில ஒருத்தருக்கு இந்த மாதிரி வந்ததில்ல. இந்த ஊர் மழையும் குளிரும், தண்ணியும் ஒத்துக்கல, அவ்வளவுதான்" என்று திருச்சி அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

"அத்தே, மேடமே போர்டுல போட்டுக் காட்டினாங்கல்ல? சாஃப் சாஃப், தெளிவா தெரிஞ்சுதே. உங்க சைடுதான்" என்றார் கார்த்திக்.

என் மூன்று கலர் படம் வராந்தாவில் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. வித்யா நாற்காலியில் மடியில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "என்னாலதானே மேடம் இது?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மரபணு யாரிடமிருந்து வந்தது என்று சொல்லிக் கொடுத்தவள், அது யாருடைய குற்றமும் இல்லை என்று சொல்ல மறந்திருந்தேன். அதற்குப் பலகையில் இடமும் விட்டிருக்கவில்லை.

எல்லோரையும் என் அறையில் உட்கார வைத்துப் பட்டியலை மறுபடி கேட்டேன். குழந்தைக்கு ஏதாவது மருந்து கொடுத்தீர்களா? இல்லை. அம்மாவுக்கு? டாக்டர் எழுதியது மட்டும். தைலம், கிரைப் வாட்டர், நாட்டு மருந்து? "நீங்க கொடுத்த பேப்பரை ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிருக்கோம் மேடம்" என்றார் கார்த்திக். வீட்டில் பாச்சை உருண்டை இருக்கிறதா?

"எங்க ஃபிளாட்ல எப்பவுமே கிடையாது."

"நிக்டியிலயும் கிடையாது மேடம்" என்றார் பரமசிவம். "அன்னிக்கே எடுத்துப் போட்டேம்லா."

எல்லோரும் உண்மையைச் சொன்னார்கள். நானும் தாளில் வரிசையாக 'இல்லை' என்று குறித்துக்கொண்டேன். அப்படியானால் மரபணுவே கொஞ்சம் கடுமையான வகையாக இருக்கும், விரிவான சோதனைக்கு அனுப்பலாம் என்று பெரிய மனுஷியாக யோசித்துக்கொண்டிருந்தேன். காரணம் தெரியாதபோது இன்னொரு டெஸ்ட் எழுதிவிடுவது நம் தொழிலில் ரொம்ப சௌகரியம். நீங்களும் சீக்கிரம் கற்றுக்கொள்வீர்கள்.

அப்போது மாவ்ஷி உள்ளே வந்தார். புனே ஆஸ்பத்திரிகளில் வார்டைப் பெருக்கித் துடைத்து, குழந்தைகளுக்குத் துணி மாற்றும் பெண்களை எல்லோரும் மாவ்ஷி என்றுதான் கூப்பிடுகிறோம். சித்தி என்று அர்த்தம். சித்தி என்று கூப்பிட்டுவிட்டதால் பெயர் கேட்க வேண்டிய அவசியம் நமக்கு வருவதில்லை. அவர் கையில் சின்ன கோதடி ஒன்று இருந்தது. பழைய சேலைகளை அடுக்கிக் கையால் தைக்கிற மராத்திக்காரர்களின் மெத்தைப் போர்வை அது. பால் கொடுக்கக் குழந்தையை விளக்கிலிருந்து எடுக்கும்போதெல்லாம் அதில்தான் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மாவ்ஷி அதை முகத்திலிருந்து எட்டப் பிடித்துக்கொண்டு, "ஹீ பேட்டீதலி ஆஹே கா, மேடம்?" என்றார். இது பெட்டியில் இருந்ததா என்று கேட்கிறார்.

எனக்கு இரண்டு நாளாக ஜலதோஷம். முகர்ந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. என் அத்தனை வருட அனுபவமும் மூக்கடைப்போடு உட்கார்ந்திருந்தது. "இது ஏதுங்க?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டம்மா சேலை மேடம்" என்றார் பரமசிவம். "பேர் வைக்கிற வரைக்கும் பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாதுல்லா. பழைய காட்டன்தான் போடணும். ஆறு சுங்கடிச் சேலை கிடந்துச்சு. பக்கத்து வீட்டு மராத்தி அம்மாகிட்ட குடுத்து கோதடி தைக்கச் சொன்னேன். நாலே நாள்ல தச்சுக் குடுத்துட்டாங்க. முந்தாநாளே வாகட்டுக்குக் கொண்டு போய்ப் பிள்ளைக்குக் குடுத்துட்டேன். அவ கைய வெச்சு இவனைத் தூக்கல. சேலையாவது தூக்கட்டும்னு..."

"சேலை எங்க இருந்துச்சு சார்?"

"டிரங்குலதான்." சட்டைப் பை நோட்டைத் தொட்டுப் பார்த்தார். "ஆனா உருண்டை எல்லாத்தையும் எடுத்துட்டேனே மேடம். ஒண்ணு விடாம."

"துவைச்சீங்களா?"

"இல்ல." கோதடியைப் பார்த்துக்கொண்டே, "அவ துவைச்சு மடிச்சு வெச்சது. அந்த அம்மா கூட அலசிரலாம்னாங்க. நாந்தான் வேண்டாம்னேன்" என்றார்.

ஆறு வருடம் பாச்சை உருண்டையோடு மூடிக்கிடந்த துணி. உருண்டை வெளியே போனாலும் அதன் ஆவி துணிக்குள் தங்கிவிட்டிருந்தது. வீட்டில் இருக்கிறதா என்று நான் கேட்டேன், இல்லை என்றார்கள். இருந்ததா, எதோடு இருந்தது, அது இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை. மாவ்ஷி கோதடியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டார்.

மணி மூன்றரை. டாக்டரிடம் ஓடினேன். குழந்தையைத் துடைத்து ஆஸ்பத்திரித் துணியில் மாற்றினார்கள். வித்யாவின் தோளிலும் அந்தக் கோதடி கிடந்தது என்பதால் அவளையும் உடை மாற்றி வரச் சொன்னோம். இது தெரிந்ததால் சிகிச்சை மாறுமா என்று கேட்டேன். "விளக்கு அதேதான் மேடம். ஆனா எண்ணெயை ஊத்துற கை நின்னா நெருப்பு எப்படிப் போகுதுன்னு பார்க்கலாம்" என்றார் டாக்டர். நாலு மணி எண் மதியத்தைவிட ஒரு துளி கூடுதல். விதிப்படி ரத்தம் மாற்ற ஆரம்பித்திருக்கலாம். ஆனால் கட்டாயம் மாற்றியே ஆக வேண்டிய எல்லையைத் தொட இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. இரண்டு மணி நேரம் காத்திருப்பேன், எல்லாம் தயாராக இருக்கட்டும் என்றார் அந்த டாக்டர். முப்பது வயதுகூட இருக்காது. நான் பார்த்த துணிச்சல்களில் அது ஒன்று. சத்தமே வராத துணிச்சல்.

அந்த இரண்டு மணி நேரத்தில்தான் திருச்சி அம்மாவுக்குச் சந்தர்ப்பம் கிடைத்தது. "இத்தனை நேரம் எம் பொண்ணு ரத்தம், எம் பொண்ணு ரத்தம்னீங்களே. இப்ப யாரு பண்ணினது, சொல்லுங்க மேடம். வாயால சொல்லுங்க." கார்த்திக் தரையைப் பார்த்தார். பரமசிவம் எழுந்து வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

இந்த இடத்துக்குத்தான் உங்களை இவ்வளவு தூரம் இழுத்து வந்தேன். உங்களிடம் உண்மை இருக்கும். அறையில் இருப்பவர்கள் அதைப் பிடுங்கி யார் மண்டையில் போடலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதை எந்தப் பக்கமாகப் பிடித்துக் கொடுப்பது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"அம்மா, இங்க வந்ததிலேருந்து உங்களுக்கு இட்லி மாவு சரியா பொங்குதா?" என்று கேட்டேன்.

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "இப்ப எதுக்கு மாவு? எங்க பொங்குது? திருச்சியில அரைக்கிற அதே அரிசி, அதே உளுந்து, அதே கைதான். இந்த மழையில கல்லு மாதிரி கெடக்கு."

"தப்பு அரிசியோடதா, புனேயோடதா?"

அவர் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இதே குழந்தை பாச்சை உருண்டையே பார்க்காத வீட்ல வளர்ந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. இதே கோதடியை இந்தக் குறைபாடு இல்லாத குழந்தைக்குப் போர்த்தியிருந்தா, இப்படி ஆகியிருக்காது, அது பாட்டுக்குத் தூங்கியிருக்கும். ரெண்டும் சேர்ந்ததாலதான் இது. இதுல எத்தனை பங்கு உங்களோடது, எத்தனை பங்கு அவரோடதுன்னு பிரிச்சுக் குடுக்க என்னால முடியாது, யாராலயும் முடியாது. ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்க்காம தடுக்கிற வேலை என்னோடது. அவர் அன்னிக்கு டிரங்குன்னு என்கிட்ட சொன்னார். டிரங்குக்குள்ள என்ன இருக்குன்னு நான் கேட்கல. தப்பு நான் கேட்ட கேள்வியில."

தன் தவற்றை ஒப்புக்கொண்டால் மரியாதை போய்விடும் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். போகத்தான் செய்தது. திருச்சி அம்மா அதற்குப் பிறகு என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை ஒரு சொட்டு இல்லை. ஆனால் கோபம் முழுவதும் என் பக்கம் திரும்பியதில் வித்யாவுக்கும் பரமசிவத்துக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது. அன்று நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

வித்யா எழுந்து மெதுவாக மாடிப்படிக்குப் போனாள். கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோன மாமியாரை அவள் பார்த்ததே இல்லை. "மாமா, எனக்கு அந்த வாசனை தெரிஞ்சுது" என்றாள். "அத்தை வாசனை போலன்னு நெனச்சேன். அதான் நானும் துவைக்கல." பரமசிவம் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். நான் என் ஜலதோஷத்தைச் சாக்காக வைத்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு எண் ஏறவில்லை. மறுநாள் காலை இறங்கியிருந்தது. ரத்தம் மாற்றவில்லை. துணியை எடுத்ததாலா, விளக்காலா, எப்படியும் இறங்கியிருக்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவர்களிடம் கொஞ்சம் எட்டவே இருங்கள். பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். காது நன்றாகக் கேட்கிறது, கூப்பிட்டால் மட்டும் கேட்பதில்லை. அது மரபணுவா வளர்ப்பா என்று தயவுசெய்து என்னிடம் வராதீர்கள்.

எண் இறங்கிய அன்று பரமசிவத்தோடு நிக்டிக்குப் போனேன், வேறு ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க. கூடத்து மூலையில் பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்பு டிரங்கு. மூடியைத் தூக்கினார். உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஸ்டோரில் ஒட்டுவது போலக் கோடு போட்டு, தேதி, பொருள், எண்ணிக்கை, கையெழுத்து என்று கட்டங்கள். ஆறு வருடமாக மாதம் தவறாமல் ஒரே வரி. 'உருண்டை பன்னிரண்டு, பழையது எடுத்து புதியது வைத்தது.' அந்த அம்மா போன மாதத்திலிருந்து ஆரம்பித்திருந்தது. கடைசிக்கு முந்தின வரி நான் அவர்களிடம் பேசிய நாள். 'உருண்டை பன்னிரண்டு, வெளியே. மேடம் உத்தரவு.' அதற்கு நேர் கீழே, அதே தேதியில், அதே அழகான கையெழுத்தில் அடுத்த வரி. 'சேலை ஆறு, வெளியே. பேரனுக்கு.'

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதற்குப் பதிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. அந்த மனிதர் எதையும் மறைக்கவில்லை, எதையும் மறக்கவில்லை. நான் ஒரு தரம் எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

"நீங்க சொன்னதைத்தான் மேடம் செஞ்சேன்" என்றார். "எதை விட்டேன்?"

"நீங்க எதையும் விடல சார். நான் சரியா கேட்கலன்னு அதுலயே எழுதுங்க."

"அதெல்லாம் இதுல எழுதக் கூடாது மேடம். சாமானைப் பத்தி மட்டுந்தான் எழுதணும்." பிளாஸ்டிக் பையிலிருந்த கோதடியைப் பிரிக்காமல் அப்படியே டிரங்குக்குள் வைத்தார். பேனா எழுதவில்லை. இன்னொன்றை எடுத்தார். 'சேலை ஆறு, உள்ளே. பேரனுக்கு ஆகாது' என்று எழுதிவிட்டுக் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்து, "திரும்ப உள்ள வந்தா வேற ஆள் கையெழுத்து வேணும். ரூல் அது" என்று பேனாவை என்னிடம் நீட்டினார்.

முப்பது வருடத்தில் எத்தனையோ ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டுப் போட்டது அது ஒன்றுதான்.